நிற்காத சைக்கிள்

உடற்கல்வி ஆசிரியராகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் கபடி விதிகளையோ ஓடுதளம் அளக்கும் முறையையோ நான் சொல்லப் போவதில்லை. அதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். முப்பத்திரண்டு வருட வேலையில் நான் மிக அதிகமாகப் பயந்த ஒரு வாரம் உண்டு. அதைத்தான் சொல்லப் போகிறேன். அந்த வாரத்தில் ஒரு மனிதன் என் கண் முன்னாலேயே கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருந்தான். அவனை நிறுத்தியிருக்கக் கூடியவன் நான் ஒருவன்தான்.

எழுபதுகளின் பிற்பாதி. எனக்கு இருபத்தாறு வயது. சங்கரன்கோவிலில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் டிரில் வாத்தியாராகச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. கொஞ்சம் தலைக்கனம் உண்டு. பயிற்சிக் கல்லூரியில் நான் விழுந்து விழுந்து படித்த ஒரு பாடம்தான் அதற்குக் காரணம். உடற்கல்வியின் வரலாறும் தத்துவமும் என்று பெயர். கூடப் படித்தவர்கள் அந்த வகுப்பில் தூங்குவார்கள். எனக்கு மட்டும் அது பிடித்துப் போயிற்று. கிரேக்க ஞானிகள் மல்யுத்தக் கூடத்திலேயே உட்கார்ந்து வாதம் செய்தார்கள், அவர்களில் சிலர் இளமையில் தாங்களே மல்லுக்கு நின்றவர்கள் என்று படித்தபோது எங்கள் தொழிலுக்கே ஒரு கிரீடம் வைத்தது போல இருந்தது. பந்தயக்காரர்களைப் போல உடம்பைக் கெடுத்துக்கொள்கிறவர்கள் வேறு யாருமில்லை என்று அந்தப் பழைய காலத்து வைத்தியர் ஒருவர் திட்டியதையும் நோட்டில் எழுதி வைத்திருந்தேன். ஆனால் அதை அடிக்கோடு போட்டுப் படிக்கவில்லை.

விளையாட்டுக்கும் வித்தைக்கும் என்ன வித்தியாசம் என்று டீக்கடையில் யாராவது அகப்பட்டால் விடமாட்டேன். "விதி இருந்தால் விளையாட்டு, விதி இல்லாவிட்டால் வெறும் வித்தை. விளையாட்டுக்கு ஒரு தொடக்கம் உண்டு, ஒரு முடிவு உண்டு. அந்த இரண்டையும் காப்பவன்தான் நடுவன்" என்பேன். எனக்கே என் பேச்சு பிடிக்கும்.

அந்தக் காலத்தில் நிற்காமல் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் ஊர் ஊராக வருவார்கள். பொட்டலில் ஒரு வட்டம் போட்டு, சுற்றிலும் கயிறு கட்டி, நடுவில் கொடிக் கம்பம் நட்டு, ஓரத்தில் பந்தல் போட்டு, ஒலிபெருக்கி கட்டிவிடுவார்கள். மூன்று நாளோ ஐந்து நாளோ கீழே இறங்காமல் சுற்ற வேண்டும். குளிப்பது, சாப்பிடுவது, முகம் மழிப்பது எல்லாம் சைக்கிளின் மேலேயேதான். அம்மன் கோவில் ஆடித் தவசுத் திருவிழாவுக்கு முந்தின வாரம் எங்கள் ஊர் இளைஞர் மன்றம் அப்படி ஒன்றுக்கு ஏற்பாடு செய்தது. மன்றத்தின் செயலாளர் விசைத்தறி வைத்திருந்தவர். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. பள்ளிக்கூடத்துக்கே என்னைத் தேடி வந்தார்.

"சார், இந்தத் தடவ ஏழு நாளு. தவசுக்கு வார கூட்டம் பூரா இங்கன வந்து பாக்கும். வெறும் வித்தைன்னு ஒருத்தனும் சொல்லிரப்படாது. நீங்க நடுவரா உக்காந்தாத்தான் அதுக்கு ஒரு மதிப்பு" என்றார்.

இதைத்தானே நான் டீக்கடையில் பேசிக்கொண்டிருந்தேன்! உடனே ஒப்புக்கொண்டேன். அன்று மாலையே மூன்று விதிகள் எழுதினேன். கால் தரையில் படக்கூடாது, பட்டால் அந்த நொடியோடு ஓட்டம் முடிந்தது. வட்டத்தைவிட்டு வெளியே போகக்கூடாது. ஓட்டுகிறவர் விரும்பினால் எப்போது வேண்டுமானாலும் இறங்கிக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு அதை மைக்கில் படித்துவிட்டு விசில் ஊதினேன்.

ஓட்டியவன் பெயர் மாடசாமி. திருவேங்கடத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அங்கே சைக்கிள் கடை வைத்திருந்தான். முப்பது வயது இருக்கும். ஒல்லியான ஆள், ஆனால் கெண்டைக்கால் சதை கல் மாதிரி இருக்கும். இதற்கு முன் ஐந்து நாள் ஓட்டியிருப்பதாகச் சொன்னான். அவனோடு மனைவி பேச்சியம்மாளும் வந்திருந்தாள். கூடவே நடந்து சோறு ஊட்டுவது, தண்ணீர் கொடுப்பது எல்லாம் அவள்தான். இரவில் மன்றத்துக்காரர்கள் முறை வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். விடிவதற்கு முன் நான் வந்துவிடுவேன். பள்ளிக்கூட நேரம் போக மிச்சமெல்லாம் அங்கேதான்.

புதன்கிழமை காலை. இலேசாகத் தூறி ஓய்ந்திருந்தது. ஆடிக் காற்று கொடியைப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. மன்றத்துக்காரர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். பேச்சியம்மாள் குழாயடிக்குப் போயிருந்தாள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் நாலைந்து பேர் துண்டைப் போர்த்திக்கொண்டு படுத்துக் கிடந்தார்கள். கிழக்கு மூலையில் திரும்பும்போது ஒரு பெருங்காற்று அடித்தது. சைக்கிள் சறுக்கிச் சாய்ந்தது. மாடசாமியின் வலது கால் மிதியைவிட்டுக் கீழே இறங்கி, ஈர மண்ணில் ஒரு முழ நீளம் இழுபட்டு, மறுபடி மிதிக்குப் போயிற்று. அவன் எனக்கு முதுகைக் காட்டியபடி போய்க்கொண்டே இருந்தான்.

வேறு யாரும் பார்க்கவில்லை. பழக்க தோஷத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது. விசில் என் உதட்டில் இருந்தது.

அந்த நேரத்தில் என் மனத்தில் ஓடியதை இன்றைக்கும் வரிசையாகச் சொல்ல முடியும். இரண்டரை நாள் உழைப்பு, ஒரு முழ மண்ணுக்காகப் போக வேண்டுமா? காற்றுதானே தள்ளியது, அவன் இறங்கவில்லையே? விதியின் நோக்கம் என்ன, அதன் எழுத்து என்ன? படித்த படிப்பெல்லாம் எனக்கு உதவிக்கு வந்தது. வேறு ஒரு கணக்கும் கூடவே ஓடியது. புளியங்குடியிலிருந்தும் திருவேங்கடத்திலிருந்தும் பஸ் பஸ்ஸாக ஆட்கள் வருகிறார்கள். மூன்றாம் நாளே முடிந்துவிட்டது என்று நான் சொன்னால் அண்ணாச்சி என்ன சொல்வார், கூட்டம் என்ன செய்யும்?

நான் ஊதவில்லை. நடந்துபோய் அந்த மண் கோட்டைச் செருப்புக் காலால் தேய்த்து அழித்தேன். இரக்கம் என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டேன். அன்று முழுவதும் பெரிய நியாயம் செய்தவன் மாதிரி நெஞ்சு நிமிர்த்தி நடந்தேன்.

வியாழக்கிழமை மாலை நான் வந்தபோது மாடசாமியின் பாதம் வீங்கி, செருப்பு வாரைப் பிளேடால் அறுத்து எடுத்திருந்தார்கள். உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தது. அவன் கூடவே நடந்தேன். திடீரென்று தலையைத் திருப்பாமல் கேட்டான்.

"சார், இந்த ரோடு எங்கன போவுது?"

விளையாட்டாகக் கேட்கிறான் என்று நினைத்துச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

"பாலம் இன்னும் வரலியே. பாலம் தாண்டுனா எங்க ஊர் வந்துருமே."

பொட்டலில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தவன் அவன். அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது. அது பிறகு என்னைவிட்டுப் போகவே இல்லை.

வெள்ளிக்கிழமை கூட்டம் இரண்டு மடங்கு. எங்கள் ஊர், அம்மன் ஊசி முனையில் ஒற்றைக் காலில் தவம் நின்ற ஊர். அதைப் பார்க்க வந்த ஜனங்கள் இதையும் அதே கண்ணால் பார்த்தார்கள். பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். யாரோ வட்டத்தின் ஓரத்தில் தேங்காய் உடைத்தார்கள். "இதும் ஒரு தவசுல்லா" என்று ஒருவர் என்னிடமே சொன்னார். தவம் செய்கிறவருக்கு முன்னால் சாமி வந்து நின்று தவத்தை முடித்துவைக்கும். விளையாட்டை முடித்துவைக்க விதி ஒன்றுதான் உண்டு. என் மூன்று விதிகளையும் மனத்துக்குள் திருப்பித் திருப்பிப் படித்தேன். வட்டத்தைவிட்டு அவன் வெளியே போகவில்லை. தானாக இறங்கும் நிலையில் அவன் புத்தி இல்லை. அவனைக் காப்பாற்றியிருக்கக் கூடியது முதல் விதி ஒன்றுதான். அதைத்தான் நான் செருப்பால் அழித்திருந்தேன்.

அன்று சாயங்காலம் பேச்சியம்மாள் என்னைப் பந்தலுக்குப் பின்னால் கூப்பிட்டாள். கையில் கோவில் புற்றுமண் இருந்தது. அவன் காலில் பூசுவதற்காக வாங்கி வந்திருந்தாள்.

"சார், சொல்லவே கூச்சமா இருக்கு. அவுகளுக்கு மூத்திரம் பால் விடாத கட்டங்காப்பி கலர்ல போவுது. காலையில இருந்து அதும் போகல. எதாச்சும் ஒரு காரணத்தச் சொல்லி நிறுத்துங்க. நான் சொன்னா கேக்க மாட்டாக. நீங்க விசில் அடிச்சாத்தான் நிப்பாக."

"நான் எப்படிம்மா நிறுத்த முடியும்? விதிப்படி..." என்று ஆரம்பித்தேன்.

"விதியெல்லாம் நீங்க எழுதுனதுதான சார்?" என்றாள்.

அரசு ஆஸ்பத்திரி கம்பவுண்டர் ஒருவர் எனக்குப் பழக்கம். ஓடிப்போய் அழைத்து வந்தேன். மாடசாமியின் கூடவே நடந்தபடி நாடியைப் பிடித்துப் பார்த்தார். கண்ணிமையை விரித்துப் பார்த்தார். என்னிடம் வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார். "கிட்னி போயிரும் வே. இப்பமே எறக்கும். நாளைக்குன்னா நான் பொறுப்பில்ல."

அண்ணாச்சியிடம் போனேன். அவர் கெட்டவர் இல்லை. அவரும் பயந்துதான் போயிருந்தார். ஆனால் அவர் பயம் வேறு பக்கம் இருந்தது.

"இப்பம் நிறுத்துனா கூட்டம் பந்தலப் பிச்சி எறிஞ்சிரும் சார். என்ன காரணம்னு சொல்லுவிய? அவனே ஓட்டுதான், நீங்க ஏன் நிறுத்துதியன்னு கேப்பானுவ. இன்னும் ரெண்டே நாளு. ஆத்தா பாத்துக்கிடுவா."

புதன்கிழமையே அவன் கால் பட்டுவிட்டது என்று அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால், இரண்டு நாளாக ஏன் மூடி மறைத்தாய் என்ற கேள்வி வரும். ஊரை ஏமாற்றிய வாத்தியார் என்று பெயர் வரும். வேலை போகும். வீட்டுக்குப் போனேன். போரில் வென்ற செய்தியைச் சொல்ல ஓடி வந்து, சொன்ன கையோடு விழுந்து செத்த கிரேக்க வீரனைப் பற்றிப் பரீட்சையில் ஒரு பக்கம் எழுதி நல்ல மார்க் வாங்கியவன் நான். வீரம், தியாகம், மனத்தின் வெற்றி என்றெல்லாம் எழுதியிருந்தேன். அந்த வீரனின் உதடு எப்படி வெடித்திருந்தது, எந்த ஊரை நினைத்துப் புலம்பினான், எத்தனை பேர் பார்த்துக்கொண்டு சும்மா நின்றார்கள் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. எனக்கும் கேட்கத் தோன்றியதில்லை.

சனிக்கிழமை பள்ளிக்கூடம் அரை நாள். ஒன்றரை மணிக்கு நான் பொட்டலுக்கு வந்தபோது வெயில் சுட்டது. மாடசாமியின் முகத்தைப் பார்த்தேன். கண் திறந்திருந்தது, ஆனால் எதையும் பார்க்கவில்லை. கால் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. உதட்டோரம் நுரை காய்ந்திருந்தது. பேச்சியம்மாள் அவனோடு நடப்பதை நிறுத்திவிட்டாள். கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்திருந்தாள். அவன் ஒவ்வொரு சுற்று வரும்போதும் தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

எனக்குத் தைரியம் வந்தது என்று நீங்கள் நினைக்கக் கூடாது. வரவில்லை. கயிற்றைத் தாண்டி உள்ளே போய் விசிலை ஊதினேன்.

அவன் நிற்கவில்லை.

மறுபடி ஊதினேன். பக்கத்தில் போய், காதோரம் ஊதினேன். அவனுக்குக் கேட்கவே இல்லை. மூன்று நாளைக்கு முன்னால் ஊதியிருந்தால் கேட்டிருக்கும். கடைசியில் ஓடிப்போய் ஹேண்டில்பாரைப் பிடித்து, தோளைக் கொடுத்து அவனைத் தாங்கினேன். எடையே இல்லை அவனிடம். உடம்பு அடுப்பு மாதிரிச் சுட்டது. பிடியிலிருந்து கையை எடுக்கப் பார்த்தால் விரல்கள் விரியவில்லை. பேச்சியம்மாள் ஓடி வந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தாள். நான் தாங்கியிருந்தபோதும் அவன் கால் காற்றில் மிதித்துக்கொண்டே இருந்தது.

கூட்டத்தில் இரைச்சல் எழுந்தது. அண்ணாச்சி மைக்கை என் வாயருகே நீட்டினார்.

"கால் தரையில் பட்டுவிட்டது. ஓட்டம் முடிந்தது" என்றேன்.

"எப்பம் பட்டுது? நாங்க பாத்துக்கிட்டுத்தான நிக்கோம்!"

"வாத்தியான் பொய் சொல்லுதான்லே!" என்று கூட்டத்திலிருந்து குரல்கள் வந்தன.

நான் சொன்னது உண்மை. மூன்று நாள் தாமதமாகச் சொன்னதால் பொய்யாகத்தான் கேட்டது. எப்போது பட்டது என்பதை அப்போதும் நான் சொல்லவில்லை. ஒரு செருப்பு என் காதில் வந்து விழுந்தது. பிறகு கல். நெற்றி கிழிந்தது. கம்பவுண்டர் வாடகைக் கார் ஒன்றைப் பந்தலுக்குப் பின்னால் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். மாடசாமியைக் குறுக்காகக் கிடத்தித் திருநெல்வேலிக்குக் கொண்டுபோனோம். வழி முழுவதும் பேச்சியம்மாள் அவன் மூக்குக்கு முன்னால் விரலை வைத்துக்கொண்டே வந்தாள்.

அடுத்த பத்து நாள் வாசலில் சைக்கிள் மணி கேட்டாலும் விசாரிக்க வந்த போலீஸ்காரர் என்று நினைப்பேன். பத்தாம் நாள் கம்பவுண்டர் வந்து, "பொழச்சிக்கிட்டான் வே. மூத்திரம் போவ ஆரம்பிச்சிட்டு" என்று சொன்னபோது பள்ளிக்கூட மைதானத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இதிலிருந்து என்ன தெரிந்துகொண்டீர்கள் என்று கேட்பீர்கள். விதி ஒருவனைத் தோற்கடிக்கத்தான் இருக்கிறது என்று நாம் நினைக்கிறோம். அதனால் விதியைக் கொஞ்சம் தளர்த்தினால் அது கருணை என்று தோன்றுகிறது. அந்த வாரத்துக்குப் பிறகு எனக்கு வேறு மாதிரித் தெரிந்தது. களத்தில் இறங்குகிற மனிதனுக்குத் தானாக நிறுத்தத் தெரியாது. கூட்டம் நிறுத்தவிடாது. அவனுக்காக நிறுத்துகிற வேலையை விதியிடம் கொடுத்திருக்கிறோம். அது முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டால் அவன் வெட்கமில்லாமல் வீட்டுக்குப் போகலாம். புதன்கிழமை ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மாடசாமிக்கு அந்த விடுதலை கிடைத்தது. அதை நான் அவனிடம் கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு நடந்தது விளையாட்டு இல்லை. அதற்கு என்ன பெயர் என்று நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லை.

இதெல்லாம் தெரிந்தும் அவனைப் போய்ப் பார்க்க எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை டவுன் பஸ் ஏறித் திருவேங்கடம் போய், கரிசல் காட்டு வழியாக அவன் ஊருக்கு நடந்தேன். சைக்கிள் கடை பூட்டிக் கிடந்தது. வீட்டில் நார்க்கட்டிலில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்தான். கும்பிடக் கையைக் கூப்பினான். இரண்டு கை விரல்களும் உள்பக்கமாக மடங்கியிருந்தன. கூப்பிய கை சேரவில்லை.

"ஸ்பானர் பிடிக்க முடியல சார். கொஞ்சங் கொஞ்சமா சரியாவும்னு டாக்டர் சொல்லுதாரு" என்றான்.

பேச்சியம்மாள் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரம் நின்றாள். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல முடியாது என்று தெரியும்.

"மாடசாமி, புதன்கிழமை காலையிலேயே உன் கால் பட்டுவிட்டது. நான் பார்த்தேன். விசில் ஊதவில்லை. மண்ணையும் அழித்துவிட்டேன்."

பேச்சியம்மாள் கையை வாயில் வைத்துக்கொண்டாள். அவன் தன் கையைப் பார்த்தான்.

"எனக்குத் தெரியும் சார்" என்றான். "ஈரம் கால்ல பட்டுதே. முடிஞ்சிட்டு, எறங்கிரலாம்னு இருந்தேன். ஒங்க விசிலுக்காகக் காத்துக்கிட்டே ஒரு சுத்து போனேன். நீங்க ஊதல. அப்பம் படலை போலன்னு நெனச்சிக்கிட்டேன். படிச்சவரு, பாத்துக்கிட்டு நிக்காரு, அவருக்குத் தெரியாதான்னு."

தன் காலைவிட என் கண்ணை அவன் நம்பியிருக்கிறான்.

"நான் என்ன செய்யணும், சொல்லு" என்றேன்.

அவன் யோசித்தான். "எத்தன நாள் ஓட்டுனேன்னு ஒரு கடுதாசில எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாரியளா? மன்றத்துல கேட்டேன். ஏழு நாள் முடிக்கலன்னு குடுக்க மாட்டேன்னுட்டாங்க."

"ஆறு நாள் கிட்டத்தட்ட ஓட்டியிருக்கிறாய். அப்படியே எழுதித் தருகிறேன்."

"வேண்டாம் சார்" என்றான். குரல் உயரவில்லை. "கால் பட்ட வரைக்கும் எழுதுங்க. அதுதான் நான் ஓட்டுனது. அதுக்குப் பொறவு ஓட்டுனது நான் இல்ல."

பேச்சியம்மாள் உள்ளே போய் ஒரு நோட்டிலிருந்து தாளைக் கிழித்துக்கொண்டு வந்தாள். கட்டிலின் சட்டத்தில் வைத்து எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணி முதல் புதன்கிழமை காலை ஐந்து மணி ஐம்பத்தைந்து நிமிடம் வரை. இரண்டு நாள், பதினோரு மணி நேரம், ஐம்பத்தைந்து நிமிடம். நடுவர் என்று எழுதி என் பெயரைப் போட்டேன். தாளை அவனால் பிடிக்க முடியவில்லை. பேச்சியம்மாள் அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள். அவன் எழுத்துக் கூட்டி, மெதுவாக, ஒரு சொல் விடாமல் படித்தான்.

"சரியா இருக்கு சார்" என்றான்.